மீதி மூச்சு

தூத்துக்குடியில் பக்கிள் ஓடை கடலில் விழும் இடத்தில் தண்ணீருக்கு இரண்டு நிறம். ஊரெல்லாம் சுற்றி வந்த கறுப்பு ஒரு பக்கம், கடலின் பச்சை மறு பக்கம். நடுவில் இருக்கும் கோடு இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பார்ப்பதற்கென்றே திரேஸ்புரம் வரைக்கும் நடக்கிறேன். வள்ளங்கள் அன்று கரையில்தான் கிடக்கும். முந்தின நாள் ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்திய மணலில் மீன் செதில்கள் காய்ந்து மினுங்கும். ஒரு நாய் வள்ளத்தின் நிழலில் படுத்திருக்கும். நிழல் நகர நகர அதுவும் நகரும்.

இந்த நோட்டை எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு துணைக்கால்.

*

பிழை திருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாகிறது. சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் மார்கழி முழுக்க எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் கிடையாது. போன முறை 640 பக்க நாவல் ஒன்று வந்தது, பதினோரு நாளில் முடித்துத் தர வேண்டும் என்று. முடித்தேன். பிளாஸ்கில் தேநீர், பக்கத்தில் ஒரு பொட்டலம் மக்ரூன், விடியும்வரை புரூஃப். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பார்த்தேன். கதாநாயகியின் அத்தைக்கு 90ஆம் பக்கத்தில் இடக் கன்னத்தில் இருந்த மச்சம் 411ஆம் பக்கத்தில் வலக் கன்னத்துக்குப் போயிருந்ததைக்கூடப் பிடித்துவிட்டேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளலாம் போல இருந்தது.

அச்சாகி வந்த புத்தகத்தைப் பிரித்தால், மூன்றாம் பாகத்தின் தலைப்பு, தனிப் பக்கத்தில், கட்டைவிரல் பருமன் எழுத்தில்: ‘கடலேரம்’.

ஓகாரத்துக்கு உரிய காலைக் காணோம். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் கண்ணில் அது படவில்லை. அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் ஓரத்தில் பென்சிலால் சரி போட்டிருக்கிறேன். பதிப்பாளர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

*

வள்ளத்து நிழலில் நாய்க்குப் போட்டியாக ஒரு பெரியவரும் உட்கார்ந்திருப்பார். சங்கு குளித்தவர். இப்போது மகன் போகிறான். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது முதலில் ஒன்றும் புரியவில்லை. மணலில் எழுதிக் காட்டினேன். கொம்பு, ‘ல’, பக்கத்தில் நிற்க வேண்டிய கால். அந்தக் கோட்டை விரலால் அழித்துக் காட்டினேன்.

“உனக்கும் ஒரு காலுதான் போச்சா தம்பி” என்று சொல்லித் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

*

தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பதுதான் சங்குகுளிக்குப் போகிறவர்களின் முதல் கேள்வி. சங்கு மணலில் புதைந்து கிடக்கும். மண்ணுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்று வாழும் பிராணி அது. மேலே தெரிவது ஒரு சின்னப் புடைப்பு, அல்லது ஊர்ந்து போன தடம். கலங்கல் தண்ணீரில் அது கண்ணுக்கு அகப்படாது.

“கச்சான் அடிச்சா அடி கலங்கிரும்” என்றார். “அந்தத் தண்ணில குளிக்கலாம். குளிச்சுட்டு வெறுங்கையோட வரலாம்.”

“அந்த மாசங்கள்ல என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“கயிறு பாப்போம். பலகை இடுக்கு அடைப்போம். வீட்டுல கெடந்து பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குவோம். காத்து ஓய்ஞ்சா அதுவாத் தெளியும்.”

கலங்கல் தெளிவதற்காக யாரும் கடலில் இறங்கித் துழாவுவதில்லை. எனக்கு இது புதிதாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் பிடிபடாதபோது அதையே பத்துத் தடவை படிப்பது என் வழக்கம். பதினோராவது தடவை அது தமிழாகவே தெரியாது, வெறும் கோடும் சுழியுமாகத் தெரியும். அப்போதுதான் இன்னும் ஒரு தேநீர்.

*

மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டுகிறதே, அது பிராணவாயு தீர்ந்ததன் அறிகுறி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உடம்பு கவனிப்பது பெரும்பாலும் வேறொன்றை. இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏறத்தான் அந்த முட்டல் வருகிறது.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. குளிப்பதற்கு முன்னால் வேக வேகமாகப் பத்திருபது மூச்சு இழுத்து விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். பிராணவாயு அதனால் பெரிதாகக் கூடாது. இரத்தம் முன்பே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் முட்டல் தள்ளிப்போகும். கீழே போனவன் இன்னும் மூச்சு இருக்கிறது என்று நம்புவான். ‘இன்னைக்கு நல்லா நிக்குது’ என்று சந்தோஷப்படவும் செய்வான். மணி அடிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மணி அடிக்கவில்லை, நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பதைப் போல.

அழுத்தத்தின் கணக்கு இன்னும் மோசம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கும்வரை நுரையீரலில் எஞ்சிய கொஞ்சப் பிராணவாயுவும் இரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். ஏறும்போது அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. அதனால் அடியில் சுகமாக இருந்தவன், தலைக்கு மேல் வெயில் தெரியும் இடத்தில், கையை நீட்டினால் வள்ளத்தைத் தொடலாம் என்கிற தூரத்தில், சத்தமில்லாமல் நினைவு தப்புகிறான். முன்னறிவிப்பு கிடையாது. அதைத்தான் அவனே மூச்சு விட்டு வெளியே தள்ளிவிட்டானே.

தேநீர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். காஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, சேதி மட்டும் வந்து சேரவில்லை. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்று இரண்டு பேர் 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் 0.03க்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. புரூஃப் பார்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

*

பழைய முத்துக்குளி ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்குவார். மற்றவர் மேலே இருப்பார். இவர் சிப்பியோடு ஏறி வந்து இளைப்பாற, அவர் இறங்குவார். இளைப்பாறுவது முறையிலேயே இருந்தது, யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இலங்கைப் பக்கத்துக் குளிப்பை நேரில் கண்டு 1803இல் புத்தகம் எழுதிய ராபர்ட் பெர்சிவல், ஒருவர் ஒரே நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்குவார் என்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிஷம்தான்.

அசையாமல் நீரில் முகம் கவிழ்த்து மூச்சடக்கும் போட்டியில் பிரான்சுக்காரர் ஸ்தெஃபான் மிஃப்சூத் 2009இல் 11 நிமிஷம் 35 விநாடி இருந்தார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரேஸ்புரத்துக் கணக்கில் யோசித்தால் எனக்கு அந்த நாற்பது தடவைதான் மலைப்பாக இருக்கிறது. நாற்பதாவது தடவைக்கும் உடம்பு இடம் கொடுக்க வேண்டுமென்றால் முதல் தடவையில் எதை மிச்சம் வைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மறுநாளும் உண்டு. அடுத்த வருஷமும் உண்டு.

மார்க்கோ போலோ இந்த வளைகுடா முத்துக்குளியைப் பற்றி எழுதும்போது சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களைச் சொல்கிறார். கடல்கட்டி என்று இங்கே பெயர். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்காம். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பயமில்லாத தலையோடு இறங்குவதற்கு இருபதில் ஒன்று விலை என்றால், கட்டாதா என்ன.

*

வலம்புரி கிடைத்ததா என்று பெரியவரிடம் கேட்காதவர்கள் இல்லை போலிருக்கிறது. நானும் கேட்டேன்.

“கெடச்சிருந்தா இங்க உக்காந்திருப்பனா” என்றார்.

நாம் வலம்புரி என்பதை விலங்கியல்காரர்கள் இடப்புறச் சுருள் என்கிறார்கள். சங்கை எந்த முனை மேலே இருக்கும்படி பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே சங்கைத்தான் சொல்கிறார்கள். பாதி வாக்குவாதங்களில் யாரும் இதைக் கேட்பதில்லை: நீங்கள் எந்த முனையைப் பிடித்திருக்கிறீர்கள்?

லட்சத்தில் ஒன்று கிடைக்கிற பொருளைத் திறமையின் அளவாக வைத்துக்கொண்டால் முழு ஆயுளும் தோல்விதான். மகன் ஒரு நாளில் எடுத்துவருகிற சாதாரணச் சங்குகளைப் பார்த்திருக்கிறேன். சாக்கில் கிடக்கும்போது அழகே இல்லை. மேலே பழுப்புத் தோல், பாசி, ஒரு நாற்றம். அறுத்துத் தேய்த்தால்தான் வெள்ளை. வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாக ஏறும்போது திரேஸ்புரத்து மணல் ஒன்றும் ஒட்டியிருக்காது.

*

கம்ப்ரசர் வந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. வள்ளத்தில் ஒரு என்ஜின், காற்றை அழுத்தும் டாங்கி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய். குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினால் மூச்சைப் பற்றிய கவலையே இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். காற்றில் டீசல் வாடை அடிக்குமாம்.

“மூச்சுக்குத் தக்கன வேல செஞ்சது போயி, சாக்கு நெறையிற வரைக்கும்னு ஆயிப்போச்சு.”

நினைவிலிருந்துதான் எழுதுகிறேன், ஆனால் ஏறக்குறைய இதே சொற்கள்.

அழுத்தமான காற்றை அடியில் இருந்து சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே இருக்கிறது. அடியில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. சடாரென்று மேலே வந்தால், கோலி சோடாவில் குண்டைக் குத்தியதும் பொங்குமே, அப்படி உடம்புக்குள் குமிழி. மூட்டில் வந்தால் வலி, தண்டுவடத்தில் வந்தால் கால் போகும். ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ்காரர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, 1908இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். ஏறும் வழியில் எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று. இன்றைய முக்குளிப்பு அட்டவணைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். சாரம் இவ்வளவே: கீழே எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழத்தில் இருந்தாயோ அதற்குத் தக்கபடி வழியில் நில். நிற்கிற நேரத்தில் ஒரு சங்கும் கிடைக்காது. தொங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

பெரியவர் அந்தக் காலத்தில் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் மத்தியானம் வள்ளத்தில் ஏறிச் சாப்பிட உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இடது கால் பாதி.

அந்த நாவலை அனுப்பிய மறுநாளே நான் அடுத்த புத்தகத்தைத் தொடங்கியிருந்தேன். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

*

தென் கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் குளித்து நத்தையும் கிளிஞ்சலும் கடற்பாசியும் எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர். பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். யுனெஸ்கோ 2016இல் அவர்களுடைய மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. திறமைக்கு அவர்களிடம் மூன்று படி உண்டு: சங்குன், ஜுங்குன், ஹாகுன். முதல் படியின் பெயர் நம் காதில் சங்காக விழுவது தற்செயல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே வந்ததும் அவர்கள் விடுகிற மூச்சு ஒரு விசில் போலக் கேட்குமாம். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சும்பிசோரி.

அவர்கள் பயப்படுகிற சொல் இன்னொன்று. முல்சும். நீர்மூச்சு என்று சொல்லலாம். மூச்சு முடிந்து ஏற வேண்டிய நேரத்தில் பாறை இடுக்கில் அபலோன் என்கிற கடல் நத்தை, பெரிதாக ஒன்று கண்ணில் பட்டு, ‘இதை மட்டும்’ என்று திரும்புகிறவள் தண்ணீருக்குள் இழுத்துவிடுகிற மூச்சு. அப்படி இறந்தவர்களில் திறமை குறைந்தவர்கள் மட்டும் இல்லை. கைதேர்ந்தவளுக்குத்தான் அந்த அபலோன் கண்ணில் படுகிறது. அவளுக்குத்தான் தன்னால் முடியும் என்று தெரியும்.

காற்று உருளை கட்டிக்கொண்டு இறங்குவதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. கருவி கிடைக்காமல் இல்லை. எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு இறங்கினால் கடல் தாங்காது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். நம் கரையிலும் அந்தப் புத்தி இருந்தது. பழைய சங்குகுளியில் துளையிட்ட மரப்பலகை ஒன்று வைத்திருப்பார்கள். துளை வழியே விழுந்துவிடுகிற சிறு சங்கு உயிரோடு கடலுக்குத் திரும்பும். முத்துச் சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளான பார்களை முதலில் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்பு அறிவிப்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே கடைசியாக 1955 முதல் 1961 வரை குளித்தார்கள். அதற்குப் பிறகு பார்களில் குளிப்பே நடக்கவில்லை. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி சிப்பிக்குள் மணி வைத்து முத்து வளர்த்துக் காட்டினார். பாரில் கிடைக்காதது பண்ணையில் கிடைத்தது. அதைச் சாதனை என்றும் சொல்லலாம், வேறு எப்படியும் சொல்லலாம்.

*

நான் கேட்க நினைத்திருந்த கேள்வியைப் பெரியவரிடம் சில மாதங்களுக்கு முன்புதான் கேட்டேன்.

“அதிகபட்சம் எவ்வளவு நேரம் மூச்சடக்கியிருப்பீங்க?”

“பாத்ததில்ல.”

“ஒரு தடவகூடவா?”

“பாத்தா அடுத்தவாட்டி அத முந்தணும்னு தோணும்லா.”

பிறகு அவராகவே சொன்னார். கம்ப்ரசருக்கு முந்தைய காலத்தில், அவர் வள்ளத்தில் மூத்தவராக இருந்தபோது, ஒருவன் ஏறி வந்து விளிம்பைப் பிடித்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை? பையில் இருப்பதைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். மூன்று என்று சொல்லி மூன்று இருந்தால் சரி. மூன்று என்று சொல்லி நாலு இருந்தாலும் அவனுக்கு அடுத்த முறை கிடையாது, உட்கார வேண்டியதுதான். கூடுதலாக இருக்கிறதே என்று அவன் சண்டைக்கு வருவான்.

“கூட இருக்கதுதான் மோசம். எடுத்ததே அவனுக்குத் தெரியல பாத்தியா.”

கடலுக்கடியில் முப்பது மீட்டரைத் தாண்டினால் அழுத்தக் காற்றின் நைட்ரஜனே மூளையை மயக்கத் தொடங்கும், மது குடித்ததைப் போல. அந்த மயக்கத்தில் இருப்பவருக்குத் தான் தெளிவாக இருப்பதாகவே தோன்றும் என்பதுதான் சிக்கல். போட்டிக்கு மூச்சடக்குகிறவர்களுக்கும் விதி உண்டு. மேலே வந்து 15 விநாடிக்குள் முகக்கண்ணாடியைக் கழற்றி, கையால் சைகை காட்டி, ‘ஐ ஆம் ஓகே’ என்று வாயால் சொல்ல வேண்டும். வரிசை மாறினாலும் நாக்குக் குழறினாலும் எத்தனை ஆழம் போயிருந்தாலும் கணக்கில் சேராது. இது எதையும் நான் பெரியவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை.

*

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பத்துப் பக்கம் முடிந்ததும் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: எத்தனை? எத்தனை பிழை திருத்தினேன், என்னென்ன, கடைசியாகக் கடந்த தலைப்பு எது. சில இரவுகளில் மூன்று சுற்று ஓடுகிறது. சில இரவுகளில் ஐந்து. வருமானம் குறைந்திருக்கிறது, வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் நடந்தது.

இன்று ஒரு சமையல் புத்தகம். கணவாய்ப் புட்டு, நண்டு ரசம், பாறைக் கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது சுற்று முடிந்ததும் தாளைக் கவிழ்த்தேன். ஏழு பிழை என்று நினைத்தேன். என்னென்ன என்று கேட்டதில் நாலுக்கு மேல் வரவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது இருந்தது.

மணி பத்தரைகூட ஆகவில்லை. பிளாஸ்கில் பாதித் தேநீர் சூடாக இருக்கிறது. பென்சிலைத் தாளின் இடுக்கில் செருகிவிட்டு விளக்கை அணைத்தேன். கடல் பக்கத்திலிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. ஞாயிறு முடிவதற்குள் யாரோ தள்ளிவிட்டார்கள்.